தூண்டிலும் கூடாரமும் ஏற்ற ஒரு கனூவைத் தயார் செய்வது எப்படி?

கனூவில், அதாவது துடுப்பால் ஓட்டும் நீண்ட, ஒடுங்கிய, திறந்த படகில், மீன் பிடிக்கப் போகிறவருக்கு எல்லாம் வெளியே, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இரவு தங்கும் மூட்டை முடிச்சுகளோடு ஆற்றில் போகிறவருக்கோ எல்லாம் மூடி, கட்டி, உள்ளே கிடக்க வேண்டும். இரண்டையும் ஒரே படகில் செய்யும்போதுதான் இழுபறி. புதிதாக வருகிறவர்கள் தூண்டில் தாங்கி, மீன் காட்டும் கருவி, கோப்பை வைக்கும் வளையம் என்று வாங்கி வாங்கிப் பூட்டுவார்கள். படகு ஒரு தரம் கவிழ்ந்தால் அதெல்லாம் எங்கே போகும் என்று பெரும்பாலும் யோசிப்பதில்லை.

அதனால் எந்தப் பொருளைப் படகில் வைப்பதற்கு முன்பும் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே இது எனக்கு வேண்டுமா? படகு தலைகீழானால் இது எங்கே இருக்கும்? முதல் கேள்விக்கு "வேண்டாம்" என்றால் பைக்குள் போகட்டும். இரண்டாவதற்குப் பதில் தெரியவில்லை என்றால் இன்னும் கட்டி முடியவில்லை என்று அர்த்தம்.

இங்கே சொல்வதெல்லாம் இரண்டு பேர், ஒன்றிரண்டு இரவுகள், அமைதியாக ஓடும் ஆறு என்ற அளவுக்குத்தான். ஆறுகளின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கும் சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு. முதல் சில பயணங்களுக்கு 1ஆம் தரத்தைத் தாண்ட வேண்டாம். மீன்பிடி உரிமம், முகாமிட அனுமதி இரண்டையும் போகிற இடத்து விதிப்படி முன்னதாகவே வாங்கிவிடுங்கள்.

படகு

இரண்டு பேருக்கும் அவர்களுடைய சாமானுக்கும் சுமார் 16 அடி நீளமும் 35 அங்குல அகலமும் உள்ள கனூ போதும். அடிப்பகுதி ஓரளவு தட்டையாக இருந்தால், தூண்டில் வீசும்போது படகு கால் மாற்றிக் கால் ஆடாது. பந்தயத்துக்கென்று செய்த ஒடுங்கிய கனூ மலிவாகக் கிடைத்தாலும் மீன் பிடிக்க எடுக்காதீர்கள். பக்கவாட்டில் ஒரு பெரிய மீன் இழுத்தாலே அதில் நிம்மதி போய்விடும்.

எந்தப் பொருளால் செய்தது என்பதையும் பாருங்கள். அலுமினியக் கனூ பல காலம் உழைக்கும், ஆனால் உள்ளே ஒரு இடுக்கி விழுந்தாலும் ஓசை தண்ணீருக்குள் பரவும். மூன்றடுக்குப் பாலிஎதிலீன் கனூ அடி தாங்கும், விலையும் குறைவு. ஆனால் 35 கிலோவுக்கு மேல் இருக்கும், கரையேற்றித் தூக்கும்போது அந்த எடை தெரியும். கெவ்லார் இழைக் கனூ 20 கிலோவை ஒட்டி இருக்கும், விலை கூடுதல், பாறையில் உரசுவதும் அதற்குப் பிடிக்காது. ராயலெக்ஸ் என்ற பல அடுக்குப் பிளாஸ்டிக்கின் உற்பத்தி 2014 வாக்கில் நின்றுவிட்டது. நல்ல நிலையில் ஒரு பழைய ராயலெக்ஸ் கனூ கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம் என்பது என் கட்சி.

தயாரிப்பாளர் எழுதியிருக்கும் அதிகபட்ச எடையை நம்பி அந்த எல்லை வரை ஏற்றாதீர்கள். ஆட்களும் சாமானும் ஏறிய பிறகு, படகின் பக்க விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே மிகத் தாழ்ந்த இடத்தில் 15 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். மீன் பிடிக்கும்போது இருவரும் ஒரே பக்கம் சாயும் தருணம் வரும் என்பதால் 20 இருந்தால் இன்னும் நல்லது.

உட்காரும் இடம்

தூரம் தெரிய வேண்டும் என்று இருக்கையை உயர்த்திக்கொள்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் மாற்றம். செய்யாதீர்கள். கனூவில் உங்கள் உடம்புதான் மிகப் பெரிய சுமை. அது 5 சென்டிமீட்டர் உயர்ந்தாலும் படகின் ஆட்டம் வேறாகிவிடும். முதுகுவலி இருந்தால் மடக்கும் முதுகுச்சாய்வு ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் கொஞ்சம் துள்ளும் இடத்தில் இருக்கையிலிருந்து இறங்கி முழங்காலிடுவது நல்லது என்பதால், முழங்காலுக்கு ஃபோம் மெத்தையும் வேண்டும். அதே ஃபோமைத் தரை முழுக்க விரித்தால் காலடி ஓசையும் அடங்கும். தண்ணீர் ஊறாத, மூடிய துளை ஃபோமாகப் பாருங்கள். பஞ்சு மாதிரி உறிஞ்சுவது வேண்டாம்.

இரண்டு பேர் கனூவில் தனியாகப் போனால் பின் இருக்கையில் உட்காராதீர்கள், முன்முனை வானத்தைப் பார்க்கும். படகைத் திருப்பிவிட்டு, முன் இருக்கையில் மறுபக்கம் பார்த்து உட்கார்ந்தால் நடுவுக்கு நெருக்கமாக வருவீர்கள். மூட்டைகளை உங்களுக்கு எதிரே, தள்ளி வையுங்கள்.

படகு சாயாமல் இருக்கப் பூட்டும் பக்கவாட்டு மிதவைகள் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஏரியில் நின்றுகொண்டு வீச ஆசைப்படுகிறவருக்குச் சரி. ஆற்றில் அவை கிளைகளிலும் பாறைகளிலும் மாட்டும், துடுப்புப் போடவும் இடைஞ்சல்.

கயிறும் கொக்கியும்

முன்முனையிலும் பின்முனையிலும் தலா ஒரு கயிறு கட்டுங்கள்: மிதக்கும் பாலிப்ரொப்பிலீன், 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன், 4 அல்லது 5 மீட்டர் நீளம். கரையில் கட்ட, ஆழமில்லாத இடத்தில் இழுத்துப்போக, கவிழ்ந்த படகைப் பிடிக்க என்று எல்லாவற்றுக்கும் இதுதான். கயிற்றின் நுனியில் முடிச்சோ கண்ணியோ போடாதீர்கள், அது பாறை இடுக்கில் சிக்கும். பயன்படாத நேரத்தில் சுருட்டி, முனைத்தட்டின் (படகின் முனையை மூடியிருக்கும் சிறு தட்டு) மேல் எலாஸ்டிக் கயிற்றுக்கு அடியில் செருகிவையுங்கள். படகுக்குள் அவிழ்ந்து கிடக்கும் கயிறு, கவிழும்போது காலைத் தேடி வரும்.

மூட்டைகளைக் கட்ட வளையங்கள் வேண்டும். ராயலெக்ஸ் என்றால் தரையில் ஒட்டும் வினைல் வளையங்கள் நன்றாகப் பிடிக்கும். பாலிஎதிலீனில் பசை நம்பும்படி ஒட்டாது. அதனால் குறுக்குச் சட்டத்தையும் பக்க விளிம்பையும் பயன்படுத்துங்கள். துளை போட வேண்டுமென்றால் அந்த இரண்டில் மட்டும். நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடலில் ஒரு திருகாணி கூட ஏறக் கூடாது.

தூண்டில் பக்கம்

ஆளுக்கு இரண்டு தூண்டில் கோல் போதும். நான்கைந்து கொண்டு வருகிறவருக்கு மீன் பிடிக்கும் நேரத்தைவிடச் சிக்கெடுக்கும் நேரம்தான் அதிகம். 6 அடி, ஆறரை அடிக் கோல் கனூவுக்கு வசதி. இரண்டு துண்டாகக் கழற்ற முடிந்தால் பயணத்துக்கு இன்னும் வசதி.

கோலுக்கு இரண்டு இடங்கள் தேவை. ஒன்று மீன் பிடிக்கும்போது, மற்றது நகரும்போது. முதலாவதற்குப் பக்க விளிம்பில் இறுக்கிப் பூட்டும் தாங்கி. அதை உங்களுக்கு முன்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் வையுங்கள். பின்னால் வைத்தால் மீன் கடித்த பதற்றத்தில் இடுப்பைத் திருக வேண்டிவரும், படகு கவிழ அது ஒரு நல்ல வழி. துடுப்பின் வீச்சுக்குள் கோல் வராதபடி துடுப்பை நாலு முறை இழுத்துப் பார்த்துவிட்டு இறுக்குங்கள். இரண்டாவது இடம் படகின் உள்ளே, விளிம்புக்குக் கீழே. நுனி முனைத்தட்டுக்கு அடியில், பிடி உங்கள் பக்கம், நடுவில் குறுக்குச் சட்டத்தோடு வெல்க்ரோ பட்டை. நுனி உரசும் இடத்தில் ஒரு துண்டு ஃபோமோ பிவிசி குழாயோ இருந்தால் உடையாது.

செயற்கை இரையும் முள்ளும் ஆளுக்கு ஒரு தட்டைப் பெட்டியில் அடங்க வேண்டும். பெட்டி நன்றாகத் தாழிடக்கூடியதாக இருக்கட்டும். வீட்டில் உள்ளதையெல்லாம் கொண்டுவர ஆசை வரும், ஆனால் ஆற்றில் ஐந்தாறு வகைக்கு மேல் யாரும் கழற்றி மாட்டுவதில்லை. முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீண்டிருக்கும் எதிர்க்கொக்கியை இடுக்கியால் அழுத்தி மழுக்கிவிடுங்கள். மீனை விடுவிப்பதும் எளிது, உங்கள் விரலை விடுவிப்பதும் எளிது. குறுகிய படகில் இரண்டு பேர் வீசும்போது இரண்டாவது காரணமே பெரிது. முன்னால் இருப்பவர் வீசும்போது பின்னால் இருப்பவர் கோலைத் தாழ்த்திக்கொள்வது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இருவரும் கண்ணாடியும் தொப்பியும் அணியுங்கள், பறந்துவரும் முள்ளுக்கு முகம்தான் முதல் இலக்கு.

வலை குட்டைப் பிடியோடு, ரப்பர் கண்ணிகளோடு இருந்தால் முள் சிக்காது. இடுக்கியை ஒரு குட்டைக் கயிற்றில் இருக்கையோடு கட்டுங்கள். குட்டை என்றால் ஒரு முழம். நீளமாக இருந்தால் அதுவே வலையாகும்.

மீன் காட்டும் கருவி அவசியமில்லை, ஆனால் வைக்க விரும்புகிறவருக்கு ஒரு விஷயம். ஒலி அனுப்பும் உணரியைப் படகின் உட்தரையில் ஒட்டினால், இடையில் காற்று இல்லாத ஒற்றை அடுக்கு உடல் வழியாக ஒலி போகும். ஃபோம் நடுவடுக்கு உள்ள படகில் போகாது, அதில் இருக்கும் காற்றுக்குமிழ்கள் தடுத்துவிடும். அப்படிப்பட்ட படகுக்குப் பக்க விளிம்பில் பூட்டித் தண்ணீரில் இறக்கும் கம்பிதான் வழி. நகரும்போது அதைத் தூக்கிவிடுங்கள்.

நங்கூரம்

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் கனூ மீன்பிடிப்பில் உயிருக்கே ஆபத்தாகும் பொருள் இதுதான்.

ஓடும் நீரில் நங்கூரக் கயிறு படகின் பக்கவாட்டில் எங்காவது கட்டியிருந்தால், படகு நீரோட்டத்துக்குக் குறுக்கே திரும்பும். மேலே இருந்து வரும் தண்ணீர் விளிம்பில் மோதி ஏறும், கயிறு அதே பக்கத்தைக் கீழே இழுக்கும். சில நொடிகளில் படகு நிரம்பிவிடும். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். காலையில் சாதுவாக இருந்த இடம் மாலையில் தண்ணீர் ஏறியதும் வேறு முகம் காட்டுவது இதனால்தான்.

ஆகவே நங்கூரக் கயிறு எப்போதும் முன்முனை அல்லது பின்முனை வழியாகத்தான் இறங்க வேண்டும். எந்த முனை நீரோட்டத்தை எதிர்க்கிறதோ அது பாரம் குறைந்து உயர்ந்திருக்க வேண்டும். கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். கயிற்றைப் பற்களால் கவ்வி, ஒரு இழுப்பில் விடுபடும் பல்பிடிப்பு ஒன்றை உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டும்படி பொருத்துங்கள். கயிற்றின் கடைசி முனையில் ஒரு சிறு மிதவையும் கட்டிவிடுங்கள். ஆபத்து என்றால் முழுக் கயிற்றையும் விட்டுவிட்டு, அப்புறம் வந்து மிதவையைத் தேடி எடுக்கலாம். கத்தி லைஃப் ஜாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

எடை 2 கிலோ மடக்கு நங்கூரமோ 4 கிலோ காளான் வடிவ நங்கூரமோ போதும். தேங்கிய நீரில் ஆழத்தைப் போல மூன்று மடங்கு கயிறு விட்டால் பிடிக்கும், இழுக்கும் நீரில் ஐந்து முதல் ஏழு மடங்கு வேண்டும். நிறுத்தாமல் வேகத்தை மட்டும் குறைக்க வேண்டுமென்றால், அரை மீட்டர் கனமான சங்கிலியைப் பழைய சைக்கிள் ட்யூபுக்குள் நுழைத்துப் பின்முனையிலிருந்து இழுத்துப் போகலாம். ட்யூப் ஓசையை அடக்கும். இதற்கும் அதே விதிதான்: உடனே விடுபடும் பிடிப்பு.

நேராகச் சொன்னால், முதல் பயணத்துக்கு நங்கூரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம். பாறைக்குப் பின்னால் நீரோட்டம் திரும்பி அமைதியாகும் இடத்தில் படகைச் செருகி நிறுத்திக்கொள்ளலாம். சரளை மேட்டில் முன்முனையை ஏற்றிவிட்டு, இறங்கி நின்றும் வீசலாம். ஆற்று மீனுக்கும் அந்த ஓரங்கள்தான் பிடித்தமானவை.

மூட்டைகள்

கூடாரம், தூக்கப்பை, மாற்றுத் துணி, சாப்பாடு, அடுப்பு, சமையல் பாத்திரம். முதுகுப்பைப் பயணம் போகிறவர் எடுப்பதைவிடக் கொஞ்சம் தாராளமாக எடுக்கலாம், ஆனால் கொஞ்சம்தான். 60 லிட்டர் நீர்புகாப் பை ஆளுக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று, பகலில் தேவைப்படுவதற்கு 10 லிட்டர் பை ஒன்று. வாயைக் காற்று வெளியேற்றிவிட்டு மூன்று முறையாவது இறுக்கிச் சுருட்டினால்தான் தண்ணீர் புகாது. தூக்கப்பையையும் மாற்றுத் துணியையும் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, அதன் பிறகு நீர்புகாப் பையில் போடுங்கள். மற்றது நனைந்தால் எரிச்சல், இந்த இரண்டும் நனைந்தால் அந்த இரவே ஆபத்து.

குடிநீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கு வையுங்கள், சமையலும் அதில் அடங்கும். அல்லது வடிகட்டி எடுத்துச் செல்லுங்கள். ஆற்று நீரைக் கொதிக்கவைப்பதாக இருந்தால் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் மூன்று நிமிடம். மேலே வயலோ தொழிற்சாலையோ இருந்தால் கொதிக்கவைப்பது ரசாயனத்தைப் போக்காது என்பதை நினைவில் வைத்து, நீரைச் சுமந்தே போங்கள்.

ஏற்றும் வரிசை இப்படி. கனமானது எல்லாம் நடுவில், தரையில்: தண்ணீர்க் கேன், சமையல் பை, பேட்டரி. அதற்கு இருபுறமும் துணிப்பைகள். விளிம்பைத் தாண்டி எதுவும் உயர வேண்டாம், உயர்ந்தால் காற்று அதைப் பாயாக்கும். பகல் பை, மழை உடை, முதலுதவிப் பெட்டி மூன்றும் மேலாக. எல்லாப் பைகளையும் இறுக்கமாக, அசையாமல் கட்டுங்கள். பாதி அவிழ்ந்து தொங்கும் பை, கட்டாத பையைவிட மோசம்.

பின்முனை முன்முனையைவிட ஓரிரு சென்டிமீட்டர் தாழ்ந்திருப்பது நல்லது. எதிர்க்காற்று பலமாக இருந்தால் முன்னால் கொஞ்சம் பாரம் கூட்டுங்கள். பார்வைக்குப் பிடிபடவில்லை என்றால், இருவரும் உட்கார்ந்தபின் ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றுங்கள். அது எங்கே தேங்குகிறதோ அதுதான் தாழ்ந்த பக்கம். சரிசெய்யத் தண்ணீர்க் கேனை நகர்த்துவதே சுலபம்.

உடம்போடு இருக்க வேண்டியவை

லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைத்திருப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் ஒன்றுதான். அணிந்திருக்க வேண்டும், கொக்கிகள் பூட்டியிருக்க வேண்டும். நீச்சல் தெரிந்தவருக்குக் குறைந்தது 50 நியூட்டன் மிதப்பு விசை உள்ள ஜாக்கெட் வேண்டும். மீன்பிடிக்காரர்களுக்கான ஜாக்கெட்டில் முன்னால் நிறையப் பைகள் இருக்கும், அதை முட்ட நிரப்பினால் தண்ணீரிலிருந்து படகில் ஏற முடியாது. விசில், கத்தி, நீர்புகா உறையில் தொலைபேசி, நெருப்புப் பற்றவைக்கும் பொருள் ஆகிய நான்கும் உடம்போடு இருந்தால் போதும். விசில் மூன்று முறை என்றால் உதவி வேண்டும் என்பது பொது வழக்கு.

படகில் எளிதில் எடுக்கும்படி: ஒரு கூடுதல் துடுப்பு, தண்ணீரில் விழுந்தவருக்கு எறிய 15 முதல் 20 மீட்டர் கயிறு உள்ள வீசுபை, தண்ணீர் இறைக்கப் பிளாஸ்டிக் கேனை வெட்டிய கோப்பை, பிளப்புகளை ஒட்ட நல்ல டக்ட் டேப்.

காற்றின் வெப்பத்தைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரின் குளிரைப் பார்த்து உடுத்துங்கள். மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய பத்து நிமிடம்தான், நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று குளிர்நீர்ப் பயிற்சிகளில் சொல்வார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாதவருக்கு அந்த முதல் நிமிடமே கடைசியாகலாம்.

ஒத்திகை

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, இடுப்பளவு ஆழமுள்ள அமைதியான நீரில் முழுச் சாமானோடும் படகை இறக்குங்கள். தூண்டில் மட்டும் முள் இல்லாமல். கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள், வீசிப் பாருங்கள், அப்புறம் வேண்டுமென்றே கவிழுங்கள். என்ன மிதந்து போகிறது, என்ன மூழ்குகிறது, எந்தக் கயிறு காலில் சுற்றுகிறது, எந்தப் பைக்குள் தண்ணீர் புகுந்தது என்று எல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நிரம்பிய கனூவில் நூற்றுக்கணக்கான கிலோ தண்ணீர் இருக்கும், அதைக் கரைக்கு இழுக்க எவ்வளவு நேரமாகிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலானோர் இந்தப் படியைத் தவிர்த்துவிடுவார்கள். ஒரே ஒரு படி மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

ஆற்றில் கவிழ்ந்தால் படகுக்குத் தண்ணீர் வரும் பக்கமாக இருங்கள், பாறைக்கும் படகுக்கும் நடுவில் மாட்டக் கூடாது. மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மிதந்து ஓரம் சேருங்கள். முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள், பாதம் பாறையிடுக்கில் சிக்கினால் நீரோட்டம் ஆளை மடக்கிவிடும்.

ஆற்றில்

முதல் நாளுக்கு 10, 12 கிலோமீட்டர் போதும். பாரமேற்றிய கனூ தேங்கிய நீரில் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போகும்தான், ஆனால் மீன் பிடிக்கிறவர்கள் யாரும் நேராகப் போவதில்லை. எங்கே இறங்குகிறீர்கள், எங்கே கரையேறுவீர்கள், எப்போது பேசுவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். வரைபடத்தில் தடுப்பணைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தடுப்பணைக்குக் கீழே தண்ணீர் திரும்பிச் சுழன்று, விழுந்தவரை வெளியே விடாது. உயரம் குறைந்த அணையும் இதைச் செய்யும். அங்கே கரையேறிப் படகைத் தூக்கிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரத்திடமும் இதே எச்சரிக்கை வேண்டும்: தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போகும், ஆள் போக முடியாது.

முதலில் சொன்ன இழுபறி தினமும் பலமுறை வரும். தூண்டிலும் பெட்டியும் திறந்து கிடக்கும் நேரம் ஒன்று, நகரும் நேரம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருவரும் சேர்ந்து செய்யும் ஒரு சிறு சடங்கை வைத்துக்கொள்ளுங்கள்: தூண்டில் நரம்பைச் சுற்று, முள்ளை மூடு, கோலை உள்ளே செருகு, பெட்டியைத் தாழிடு, மீன் கோத்த கயிற்றை உள்ளே எடு. பழகினால் ஒரு நிமிடம் கூட ஆகாது. நுரைத்து ஓடும் தண்ணீரின் ஓசை கேட்டதும் இதைச் செய்யுங்கள். அது கண்ணுக்குத் தெரியும் வரை காத்திருந்தால் கை போதாது.

சூரியன் மறைய இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போதே இடம் தேடுங்கள். வெள்ளம் விட்டுச்சென்ற குப்பை வரிசையைப் பார்த்து, அதற்கு மேலே கூடாரம் அடியுங்கள். தலைக்கு மேல் பட்டுப்போன கிளை இருக்கக் கூடாது. நீரோரத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்தால் இரவில் நீர் ஏறுகிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பார்க்கலாம். உங்கள் தலைமேல் மழை இல்லாவிட்டாலும் மேலே எங்கோ பெய்திருக்கும். படகை நன்றாக மேலே இழுத்துக் கவிழ்த்து, இரண்டு முனைகளையும் மரத்தில் கட்டுங்கள். காற்று கவிழ்ந்த கனூவை உருட்டிப்போகும். துடுப்புகளும் லைஃப் ஜாக்கெட்டும் படகுக்கு அடியில், தூண்டில் கோல்கள் நடமாட்டம் இல்லாத பக்கம். மீனைச் சுத்தம் செய்வது முகாமிலிருந்து தள்ளி இருக்கட்டும், அந்த வாசனை விலங்குகளைக் கூப்பிடும். சாப்பாட்டுப் பையும் கூடாரத்துக்குள் வேண்டாம். கழிப்பிடம் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழியில்.

வீடு திரும்பியதும் படகின் உள்ளும் புறமும் ஒட்டிய களை, சேறு எல்லாவற்றையும் கழுவி, தண்ணீரை வடித்து, நன்றாகக் காயவிடுங்கள். ஒரு ஆற்றின் நத்தையும் பாசியும் இன்னொரு ஆற்றுக்குப் பரவுவதில் படகுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கயிறுகளை அவிழ்த்து உலர்த்தி, தேய்ந்ததை மாற்றி, படகை வெயில் படாத இடத்தில் விளிம்பின் மேல் கவிழ்த்து வையுங்கள்.